பின்னுக்குப் போகாத கார்

5 மார்ச் 1956, திங்கள்

வெயில். ஊரெல்லாம் வைக்கோல் தூசி. காலையில் அம்பாறை, பின்னேரம் திரும்பினேன். வாய்க்கால் ஓரத்து நில அளவை பாதி முடிந்தது. மீதி புதன்.

வரும் வழியில் வீரமுனைப் பக்கம் நேரான தெரு வந்ததும் ஓவர்டிரைவைப் போட்டேன். ஆகா! ஒரு சின்னச் சுவிட்ச், அவ்வளவுதான். தட்டினால் கடைசிக் கியருக்கும் மேலே இன்னொரு கியர் விழுந்தது போல எஞ்சின் சத்தம் இறங்கிவிடும், வேகம் மட்டும் குறையாது. இருபக்கமும் அறுத்த வயல். கொக்குகள். கூரை மடித்த காரில் ஒரு கையால் தொப்பியைப் பிடித்துக்கொண்டு பாடினேன், கேட்க ஆள் இல்லை என்ற துணிச்சலில். இந்தக் காரை எனக்கு விற்றுவிட்டு இங்கிலாந்து போன எஞ்சினியர் துரை நீடூழி வாழட்டும்.

கல்முனைக்குள் வந்ததும் சுவிட்சைத் திருப்பினேன். சத்தம் மாறவில்லை. மறுபடி தட்டினேன். இல்லை. ஓவர்டிரைவ் விழுந்தது விழுந்தபடி. (இனி ஓ.டி. என்றே எழுதுவேன், கை வலிக்கிறது.) முதல் கியரிலும் கார் முனகிக்கொண்டே வந்தது.

வழக்கம்போல வளவுக்குள் நேரே நுழைந்து, வேலியைப் பார்த்தபடி மாமரத்தடியில் நிறுத்தினேன். பிறகுதான் துரை தந்த கைநூலைப் புரட்டினேன். ஓ.டி. விடுபடாமல் நின்றால் எக்காரணம் கொண்டும் காரைப் பின்னுக்கு எடுக்காதே, உள்ளே உள்ள ஒருவழிக் கிளச் நொறுங்கும், தள்ளவும் கூடாது. கொட்டை எழுத்து.

தலையைத் தூக்கிப் பார்த்தேன். முன்னால் வேலி. வலப்பக்கம் கிணறு. இடப்பக்கம் அடுப்புப் புகையும் குசினி. திருப்ப இடம் இல்லை. வெளியே போக ஒரே வழி, பின்னுக்கு.

இந்த வளவில்தான் அடுத்த திங்கள் பந்தல் போட வருகிறார்கள். அந்த வியாழன் என் மனைவி ஸபியாவின் தங்கை ஜெமீலாவுக்குக் கலியாணம்.

மாமியிடம் இன்னும் சொல்லவில்லை. நாளைக்குச் சொல்லலாம். இன்றைக்கு என்ன அவசரம்.

6 மார்ச், செவ்வாய்

சொன்னேன். மாமி அரிசி புடைத்துக்கொண்டிருந்தார். சுளகு நின்றது.

"பின்னுக்குப் போகாதா?"

"இப்போதைக்குப் போகாது மாமி."

"எங்கட வாப்பாட மாட்டு வண்டியே பின்னுக்குப் போகும் மருமகன்."

சுளகு மறுபடி ஓடியது. இந்த வீடும் வளவும் ஸபியாவின் சீதனம், அதற்கு முன் மாமியின் சீதனம். நான் வந்து சேர்ந்தவன். கார் எனக்கும் பின்னால் வந்து சேர்ந்தது. எங்கள் இருவருக்கும் குரல் உயர்த்த இடமில்லை.

பத்து மணியளவில் டானியல் வந்தான். மெயின் வீதியில் கராஜ் வைத்திருப்பவன். ஞாயிறு தோறும் மெதடிஸ்த கோயிலில் பாடுகிறவன், மற்ற நாட்களில் காருக்கு அடியில் கிடந்து பாடுகிறவன். நம்பிக்கை அவனிடம் எப்போதும் நிரம்பி வழியும். என்னை அண்ணன் முறை வைத்துக் காக்கா என்பான்.

"காக்கா, இது கரண்டுப் பிழை. பத்து நிமிசம். தேத்தண்ணி ஆறுறதுக்கு முதல் முடிச்சிருவன்."

கைநூலையும் டானியலையும் கலந்து எழுதிய சந்தேகப் பட்டியல்:

1. கரண்ட். சுவிட்சை நிறுத்தியும் வயரில் நிற்பது.
2. கியர்பொக்ஸ் பக்கத்து நெம்புகோல் இடம் மாறியது.
3. உள்ளே கிளச் ஒட்டிக்கொண்டது.
4. ஒயில் வால்வில் அடைப்பு.
5. ஷைத்தான். (இது டானியலுடையது.)

பற்றரி வயரைக் கழற்றினோம். மாட்டினோம். சொலனோய்ட் என்ற மின்காந்தம் சுவிட்சுக்குச் சரியாக 'டிக்' என்றது, விட்டதும் 'டொக்' என்றது. கரண்டில் பிழை இல்லை. தேத்தண்ணி மூன்று தரம் ஆறியது. 1 வெட்டு.

அதற்குள் மாமி அரிசி ஆலையிலிருந்து நாலு தடியர்களைக் கூட்டி வந்துவிட்டார். நாங்கள் விறாந்தையில் குந்தியிருந்த நேரம். "ஏலேலோ" என்று ஒரு சத்தம். ஓடினேன். கார் பின்னுக்கு ஒரு சாண் போய், 'கடக்' என்று நின்றுவிட்டது. என் நெஞ்சும் அதே இடத்தில் நின்றது. டானியல் அந்த நாலு பேரையும் பார்த்து என்ன சொன்னான் என்பதை எழுத மாட்டேன், கோயிலில் பாடுகிற வாய்.

மெல்ல முன்னுக்குத் தள்ளி இறுக்கத்தை விடுவித்தோம். உடைந்த சத்தம் எதுவும் இல்லை, அல்ஹம்துலில்லாஹ். ஆனால் இப்போது காரின் மூக்கு வேலியின் ஓலைக் கிடுகில் முட்டிக்கொண்டு நிற்கிறது.

7 மார்ச், புதன்

அம்பாறைக்கு பஸ்ஸில். என் மடியில் ஒரு சாக்கு, சாக்குக்குள் யாருடையதோ சேவல். கொண்டக்டர்: "சர்வேயர் ஐயா, அந்தச் சிவப்புக் கார் எங்க?" பின் சீட்டில் ஒருவர்: "அது முன்னுக்கு மட்டும் போற காராம்." இன்னொருவர்: "எலக்சன் கேக்கிற ஆக்களுக்கு அப்பிடி ஒண்டு வாங்கிக் குடுக்கணும்." பஸ் முழுக்கச் சிரிப்பு. நானும் சிரித்தேன், வேறு வழி?

பின்னேரம் டானியல். சீட் இரண்டையும் கழற்றி, தரைத் தகட்டைத் தூக்கினோம். நெம்புகோலில் ஒரு சின்னத் துளை. அதற்குள் கம்பி விட்டால் பெட்டியில் உள்ள துளையோடு நேராக வர வேண்டும். வந்தது, அச்சொட்டாக. 2 வெட்டு. சரியாக இருப்பது இவ்வளவு எரிச்சல் தரும் என்று நினைக்கவில்லை.

கழற்றிய சீட்டுகளை விறாந்தையில் வைத்தேன். திரும்பிப் பார்த்தால் ஜெமீலாவும் கூட்டாளிப் பெண்களும் மாறிமாறி ஏறி உட்கார்ந்து, "இஞ்ச பாருங்க கா, நான் கொழும்புக்குப் போறன்" என்று கற்பனை ஸ்டியரிங்கைத் திருப்புகிறார்கள். கலியாணப் பெண் வளைவில் திரும்பும்போது முழு உடம்பையும் சாய்க்கிறாள். நல்ல டிரைவர்.

வேலிக்கு அப்பால் மாமியின் தங்கை சாச்சியின் குரல்:

"சீனி, அங்கால போகாத. கலியாண வீடா கம்மாலையா எண்டு வெளங்கல்ல."

சீனி என்பது சாச்சியின் ஆடு.

உடனே இந்தப் பக்கம் மாமி:

"கறுப்பி, கம்மாலையா இரிந்தாலும் அது எங்கட வளவு எண்டு செல்லு."

கறுப்பி என்பது மாமியின் கோழி.

இவர்கள் கூடப்பிறந்த இரண்டே பெண்கள். ஒரே வளவை இரண்டாக்கிச் சீதனமாகக் கொடுத்தார்கள். எங்கள் கலியாணம் முடிந்த கையோடு வேலியைப் புதுப்பித்தபோது மாமியின் ஆட்கள் கதியால்களை, அந்த வேலிக் கொம்புகளை, சாச்சி பக்கம் தள்ளி நட்டுவிட்டார்கள் என்று சாச்சி, இல்லை என்று மாமி. ஒரு தென்னை இந்தப் பக்கம் வந்துவிட்டது. அன்றிலிருந்து பேச்சு இல்லை. ஆட்டுக்கும் கோழிக்கும் மட்டும் சொல்வார்கள், வேலிக்குக் கேட்கும்படி. நான் ஊரெல்லாம் நிலம் அளக்கிறவன், ஆனால் இந்த வேலியை அளக்கக் கூடாது என்று அப்போதே மாமி சொல்லிவிட்டார். கண்ணால் பார்த்தால் போதும், இரண்டடி தவறு. யாருக்குச் சாதகம் என்று இங்கேயும் எழுத மாட்டேன். சாப்பாடு மாமி கையில்.

8 மார்ச், வியாழன்

லீவு போட்டேன். காரணம்: "குடும்ப அலுவல்". பொய்யில்லை.

சந்தேகம் 3. கிளச் ஒட்டிக்கொண்டிருந்தால் பெட்டியின் உடம்பில் தோல் சுற்றிய சுத்தியலால் தட்டினால் விடுபடும் என்று கைநூல். டானியல் தட்டினான். நான் தட்டினேன். சுற்றிச் சுற்றித் தட்டினோம். டானியல் தாளம் கண்டுபிடித்துப் பாடத் தொடங்கிவிட்டான். ஜெமீலாவின் கூட்டாளிகள் கை தட்டினார்கள். கார் மட்டும் அசையவில்லை. 3 வெட்டு.

சாச்சி, ஆட்டிடம்: "சீனி, காதப் பொத்திக்க."

மாமி முற்றத்துக்கு வந்து என் முன்னால் நின்றார். இம்முறை கோழி இல்லை, நேரே எனக்கு.

"மருமகன், திங்கக்கிழம காலையில பந்தல்காரன் வாறான். ஞாயித்துக்கிழம அசர் தொழுகைக்குப் பொறகு ஆலை லொறி வரும். சங்கிலி போட்டு இழுக்கும்."

"பின்னுக்கு இழுத்தா உள்ளுக்கு எல்லாம் நொறுங்கிரும் மாமி. மறுகா அது கார் இல்ல, கோழிக் கூடு."

"காரு பெருசா, ஜெமீலாட கலியாணம் பெருசா?"

 கலியாணம் என்றேன். மாமி ஓம் என்று தலையாட்டிப் போனார். மனம் நொறுங்கிப் போனது. வெட்கத்தை விட்டு எழுதுகிறேன், அந்தக் காரின் மேல் எனக்கு அப்படி ஒரு ஆசை. இரும்புதான், தெரியும். ஆனாலும் வீரமுனைத் தெருவில் சுவிட்சைத் தட்டும் அந்த ஒரு நொடி, அதற்காகவே காலையில் எழும்புகிறவன் நான்.

ஸபியா சோறு போட்டுத் தரும்போது சொன்னாள்: "முன்னுக்குப் போக வழியிருந்தா நல்லம்."

"முன்னுக்கு வேலி."

"தெரியும். வேலிக்கு அங்கால சாச்சி. சாச்சிட கடப்பு வாசலால போனா கடற்கரைத் தெரு."

"ஒங்கட உம்மா விடுவாவா?"

அவள் சோற்றுச் சட்டியை மூடினாள். பிறகு, வேறு யாருக்கோ சொல்வது போலச் சொன்னாள்: "எனக்குக் கலியாணம் முடிக்கக்குள்ள சாச்சிதான் தலை வாரி விட்டா. ஜெமீலாக்கு ஆரு வாரி விடுற? சாச்சிக்கு இன்னும் கலியாணம் செல்லவே இல்ல." அவள் கண் கலங்கியிருந்தது. எனக்குக் கார் மறந்து போனது. பொய், பாதிதான் மறந்தது.

9 மார்ச், வெள்ளி

ஜும்ஆ. பள்ளிவாசலில் செருப்புப் போடும் இடத்தில் மூன்று பேர் ஆளுக்கொரு வைத்தியம் சொன்னார்கள். ஒருவர், எஞ்சினுக்குள் வெந்நீர். ஒருவர், கொழும்பில் இருக்கும் தன் மச்சானுக்குத் தந்தி. மூன்றாமவர் ஆழமாக யோசித்துவிட்டு, "காரத் திருப்பாதீங்க, வீட்டத் திருப்புங்க" என்றார்.

தெருவில் எலக்சன் லொறி, ஒலிபெருக்கி. ஒரு சொல்லும் விளங்கவில்லை.

வீட்டுக்கு வந்தால் சீனி வேலி ஓட்டைக்குள்ளால் தலையை விட்டு, என் காரின் முன் கம்பியை நக்கிக்கொண்டு நிற்கிறது. அப்பால் சாச்சியின் குரல், இன்று வழமையைவிட மெல்ல:

"சீனி, நீயே செல்லு பாப்பம். முன்னுக்குப் போற கார முன்னுக்கு விட்டாத்தான் என்ன? என்ட வளவால போகட்டுமே. ஆரு மறிச்ச?"

குசினி வாசலில் மாமி. கையில் அகப்பை. வாயைத் திறந்தார், மூடினார். கறுப்பி பக்கத்தில் இல்லை. மாமி அகப்பையோடு கிணற்றடிக்குப் போய்ப் பார்த்தார், விறகுக் குவியலுக்குப் பின்னால் பார்த்தார், என் காருக்குள்ளும் எட்டிப் பார்த்தார். கோழி இல்லாமல் எப்படிப் பதில் சொல்வது? நான் விறாந்தைத் தூணுக்குப் பின்னால் நின்று சிரிப்பை அடக்கிக்கொண்டிருந்தேன். ஒருவழியாகக் கறுப்பி மாமரத்தடியில் அகப்பட்டது.

"கறுப்பி, வேலிய வெட்டுற லேசு. மறுகா எந்த இடத்தில கட்டுற எண்டு கேளு."

 சீனி தலையை இழுத்துக்கொண்டது.

பாவம், எந்த இடம் என்பதுதானே முழுச் சண்டையும்.

10 மார்ச், சனி

காலையில் ஒரு சிறு தூறல், பிறகு வெயில். பெரிய நாள். ஒழுங்காக எழுத வேண்டும்.

மிஞ்சியது சந்தேகம் 4, 5. டானியல் முகம் கழுவி, ஒரு சின்ன ஜெபம் செய்துவிட்டு ஸ்பனரை எடுத்தான். நான் பிஸ்மி சொன்னேன். பெட்டிக்கு மேலே ஒரு மூடி. கழற்றினால் ஒரு ஸ்பிரிங். அதற்குக் கீழே கடலையளவு உருக்குக் குண்டு. டானியல் அதை எடுத்து, "பாத்தீங்களா காக்கா" என்று தூக்கிக் காட்டும்போது விரலிலிருந்து வழுக்கி மணலில் விழுந்தது.

கறுப்பி எங்கிருந்து வந்தது என்று தெரியாது. நேற்றுத் தேடும்போது வராத கோழி! நான் பாய, டானியல் பாய, ஜெமீலா ஓடி வந்து கோழியின் கழுத்தைப் பிடித்துவிட்டாள். குண்டு மணலில் கிடந்தது. கறுப்பிக்கு அது கடலை. எனக்கு அது உயிர். பெற்றோலில் கழுவி ஸபியாவின் கையில் கொடுத்தேன், இனி அவளே வைத்திருக்கட்டும்.

அதற்கும் கீழே வால்வு. பென்சில் துண்டளவு குழாய். அதன் அடியில் ஊசிக் கண்ணைவிடச் சின்ன ஒரு துளை. சுவிட்சை விட்டதும் ஒயில் அந்தத் துளையால் வடிந்தால்தான் இறுக்கம் தளரும், ஓ.டி. விடுபடும். டானியல் அதைச் சூரியனுக்கு நேரே பிடித்துப் பார்த்தான். இருட்டு. அடைப்பு!

ஈர்க்கு போகவில்லை. கம்பி போகவில்லை. ஸபியா ஜெமீலாவின் சட்டைக்கு மணி கோக்கிற ஊசியைக் கொண்டு வந்து, ஊசி முனையால் மெல்லக் கிளறி, எதையோ இழுத்து உள்ளங்கையில் வைத்தாள். பஞ்சுத் துணுக்கு. விரலால் விரித்தாள். பச்சை.

"இது மருதமுனைச் சாறன் நூல்" என்றாள். லுங்கித் துணியைத் தொட்டே தறி ஊரைச் சொல்லுவாள்.

எனக்கு அப்போதுதான் பொறி தட்டியது. போன மாதம் கியர்பொக்ஸ் ஒயிலை மாற்றினேன். சுத்தமான ஒயில் மட்டுமே, என்று கைநூல். மாமி பக்கத்தில் நின்று, "எண்ணெய் எண்டா வடிச்சித்தான் மருமகன் ஊத்தணும்" என்று சொல்லி, தறியால் இறங்கிய புதுப் பச்சைச் சாறனில் ஒரு துண்டு கிழித்துத் தந்தார். தேங்காயெண்ணெய் வடிப்பது போல இருவருமாகச் சேர்ந்து பக்குவமாக வடித்து ஊற்றினோம். மாமி துணியைப் பிடித்தார், நான் ஊற்றினேன். அவ்வளவு சுத்தம்! இங்கிலாந்தில் கைநூல் எழுதினவனுக்கு இது எப்படித் தோன்றும்?

ஸபியா என்னைப் பார்த்தாள். நான் ஸபியாவைப் பார்த்தேன். "உம்மாக்கிட்டச் செல்லாதீங்க" என்றாள். சொல்வேனா!

எல்லாவற்றையும் கழுவிப் பூட்டினோம். பழைய ஒயிலை இறக்கி, புதிய ஒயில் நேரே டின்னிலிருந்து. ஜாக்கி போட்டுத் தூக்கி, பின் அச்சுக்கு அடியில் மாமியின் இரண்டு உரல்களை முட்டுக் கொடுத்தோம். எஞ்சினை முடுக்கினேன். கடைசிக் கியர். பின் சில்லுகள் காற்றில் சுற்றின. சுவிட்ச் போட்டேன், எஞ்சின் சத்தம் இறங்கியது. சுவிட்சை விட்டேன். சத்தம் ஏறியது! மறுபடி. இறங்கியது, ஏறியது. விடுபடுகிறது! யா அல்லாஹ், விடுபடுகிறது! டானியல் குதித்தான். நான் அவனைக் கட்டிப் பிடித்தேன், இருவரும் ஒயில். "மாமீ" என்று கத்த வாயைத் திறந்தேன்.

ஸபியா என் வாயைப் பொத்தினாள்.

"செல்லாதீங்க. கார் சரி எண்டு தெரிஞ்சா வேலி அப்பிடியே நிக்கும். வியாழக்கிழம கலியாணம் முடிஞ்சா, மறுகா எந்தக் காலத்திலயும் தெறக்காது."

எஞ்சினை அணைத்தேன். டானியல் தலையைச் சொறிந்தான். "காக்கா, சரியாக்கின கார சரியாகல்ல எண்டு செல்லுற மெக்கானிக் நான் ஒருவன்தான். என்ட கராஜ்ட பேர் என்ன ஆகும்?" பிறகு ஸபியாவின் முகத்தைப் பார்த்தான். பெருமூச்சு விட்டான். "சரி. ஷைத்தான் எண்டு செல்லுவம்."

கைகழுவிக்கொண்டிருக்கும்போது ஸபியா என் தோளைச் சுரண்டினாள். வேலிப் பக்கம் பேச்சுச் சத்தம். இரண்டு பெண் குரல்கள், தாழ்ந்து, ஒன்றை ஒன்று முந்திக்கொண்டு. சொற்கள் கேட்கவில்லை. சீனி தூரத்தில் மேய்கிறது. கறுப்பி என் காலடியில்.

"உம்மாவும் சாச்சியும் கதைக்கிறாங்க" என்றாள் ஸபியா. அப்படியே கிணற்றுக் கட்டில் உட்கார்ந்துவிட்டாள்.

மாமி திரும்பி வந்தார். முகத்தில் ஒன்றும் இல்லை.

"லொறி வேணாம். நாளைக்கு வேலிய வெட்டுவம். கார முன்னால எடுங்க."

"சரி மாமி" என்றேன், நோயாளிக் காரின் சொந்தக்காரன் குரலில்.

11 மார்ச், ஞாயிறு

டானியல் கோயில் முடிந்து, வெள்ளை உடுப்போடேயே வந்துவிட்டான்.

கிடுகை அவிழ்த்தார்கள். கதியால்கள் வேர் பிடித்திருந்தன, தோண்டித்தான் எடுக்க வேண்டியிருந்தது. மாமி இந்தப் பக்கம், சாச்சி அந்தப் பக்கம், ஆளுக்கொரு கட்டளை.

"அத மெல்லப் புடுங்கு. எல ஆட்டுக்கு ஆகும்" சாச்சி.

"கெழங்கு மாதிரி இழுக்காத டேய், இடுப்புப் புடிக்கும்" மாமி.

இருவரும் ஒருவரை ஒருவர் பார்க்காமலேயே ஒன்றாக வேலை செய்தார்கள். சாச்சியை நான் முதல் தடவை முழுதாகப் பார்த்தேன். இத்தனை காலம் எனக்கு அவர் கிடுகுக்குப் பின்னால் ஒரு குரல். மாமியின் அதே மூக்கு, அதே நடை. கொஞ்சம் கூடுதலாகச் சிரிப்பு.

காரை முடுக்கினேன். வேலி இருந்த இடத்தைத் தாண்டும்போது பெண்கள் குரவை இட்டார்கள், மாப்பிள்ளை வந்துவிட்டது போல. சாச்சியின் முற்றம். சாச்சியின் கோழிகள் பறந்தன. சீனி ஒதுங்கவே இல்லை, அதைச் சுற்றிப் போனேன். அப்படிச் சுற்றியதுதான் வினை. சாச்சியின் கடப்புக்குக் கார் கோணலாக வந்துவிட்டது. மூக்கு கடப்புக் கட்டையில் முட்டப் பார்த்தது. இந்த மாதிரி நேரத்தில் எந்த டிரைவரும் என்ன செய்வான்? கை தானாகப் பின் கியரைப் போட்டது. கார் பின்னுக்கு அழகாக, வெண்ணெய் போல, ஆறடி போனது.

குரவை நின்றது.

டானியல் வானத்தைப் பார்த்தான். ஸபியா முக்காட்டால் முகத்தை மூடினாள். நான் ஸ்டியரிங்கைப் பிடித்தபடி உறைந்து போனேன்.

சாச்சி, அக்காவைப் பார்த்து: "ராத்தா, பின்னுக்கும் போகுதே!"

மாமி கொஞ்சமும் அசையவில்லை.

"முன்னுக்கு ஓட ஓடச் சரியாப் போச்சி போல. இங்கிலீஸ் கார்தானே."

"ஓம் ஓம், அப்பிடித்தான் இரிக்கும்" என்றார் சாச்சி.

அவ்வளவுதான். எனக்கு ஒன்றும் விளங்கவில்லை. நல்ல காலம் என்று நினைத்துக்கொண்டு ஸ்டியரிங்கை நிமிர்த்தி, கடற்கரைத் தெருவுக்கு எடுத்துவிட்டேன். ஸபியா ஓடி வந்து ஏறினாள். நிந்தவூர் தாண்டிப் போனோம். அட்டாளைச்சேனை வரும் முன் நேர் தெரு. சுவிட்சைத் தட்டினேன். எஞ்சின் சத்தம் இறங்கியது, காற்றின் சத்தம் மட்டும். சுவிட்சை விட்டேன், ஏறியது. "இன்னொருக்காப் போடுங்க" என்றாள். போட்டேன். "இன்னும் வெரசாப் போகாதா?" என்றாள். இவளிடம் இனிச் சாவியைக் கொடுக்கக் கூடாது.

 வீட்டுக்கு வந்தால் சாச்சி எங்கள் குசினியில், ஜெமீலாவின் தலையை மடியில் வைத்துக்கொண்டு சிக்கெடுக்கிறார். ஸபியா வாசலில் நின்று பார்த்தாள். பிறகு போய் மறுபக்கம் உட்கார்ந்து, தன் தலையையும் நீட்டினாள், கலியாணமாகி இத்தனை காலமானவள். எனக்கு அப்படி ஒரு சந்தோசம். எழுத வார்த்தை வரவில்லை, விட்டுவிடுகிறேன்.

12 மார்ச், திங்கள்

காலையிலேயே பந்தல்காரர்கள். நல்ல காற்று, கடல் பக்கத்திலிருந்து. கார் சாச்சி வளவில், முகம் தெருவைப் பார்த்தபடி.

வாங்க வேண்டியவை: கயிறு, பழைய ஒயில் ஊற்ற ஒரு டின், டானியலுக்குப் புதுச் சட்டை (வெள்ளைச் சட்டையில் ஒயில், என் பிழை).

பந்தல்காரன் தலைவன் கேட்டான்: "பந்தல் எந்த எல்ல மட்டும் போடுற?" மாமி சாச்சியைப் பார்த்தார். சாச்சி தன் விறாந்தையைக் காட்டினார். "அந்தத் தூண் மட்டும் போடு" என்றார் மாமி. அவன் கதியால் பிடுங்கிய குழிகளைப் பார்த்துவிட்டு, தோண்டும் வேலை மிச்சம் என்று அதற்குள்ளேயே பந்தல் காலை நட்டான். கலியாணம் முடிந்ததும் வேலி எங்கே என்று யாரும் கேட்கவில்லை. நானும் கேட்கவில்லை.

நான் கயிறு பிடித்துக்கொண்டு நின்ற இடத்துக்கு மாமி தேத்தண்ணி கொண்டு வந்தார். தானே கொண்டு வந்தார்.

"மருமகன், சனிக்கிழம என்ட உரலுக்கு மேல கார ஏத்தி வெச்சி ஓட்டினீங்களே."

கோப்பையை வாங்கினேன். "ஓம் மாமி."

"நான் குசினி மூலையில நிண்டன். சில்லு சுத்தினதும் பாத்தன். டானியல் குதிச்சதும் பாத்தன். ஸபியா ஒங்கட வாயப் பொத்தினதும் பாத்தன்."

 நிலத்தைப் பார்த்தேன்.

"மறுகா நேர வேலிக்குப் போனன். தங்கச்சியக் கூப்பிட்டன். கார் சரியாப் போச்சி, இந்தப் புள்ளயள் நமக்கிட்ட ஒளிக்கிதுகள், நீயும் ஒண்டும் தெரியாத மாதிரி இரி, நாளைக்கு வேலிய வெட்டுவம் எண்டு சென்னன்."

"சாச்சி என்ன சென்னா மாமி?"

 மாமி முக்காட்டை இழுத்துவிட்டார்.

"அவ கார்ட கதை ஒண்டும் கேக்கல்ல. 'சோறு திண்டீங்களா ராத்தா' எண்டு கேட்டா."

பந்தலுக்கு மேலே இருந்தவன் கயிற்றை இழுக்கச் சொல்லிக் கத்தினான். மாமி கோப்பையை என் கையிலிருந்து வாங்கிக்கொண்டு போய்விட்டார். நான் இன்னும் ஒரு வாய்கூடக் குடிக்கவில்லை.